ஐப்பசிக் கணக்கு

யூரியா இருப்பு நாற்பத்தொரு மூட்டை.
அதே பக்கத்தின் ஓரத்தில், பென்சிலில்:
சுத்தமல்லி, பத்து ஆட்டம், பன்னிரண்டு புள்ளி.
ஐந்தாம் இடம்.
நாலு அணிதான் மேலே போகும்.

ஆடியில் யாராவது இதைச் சொல்லியிருந்தால்
சிரித்திருப்பேன்.
முதல் ஐந்தில் நாலு தோல்வி.
முக்கூடலிடம் முப்பத்தெட்டுக்குச் சுருண்ட அன்று
ஸ்கோர் எழுதியவரே பாதியில் எழுந்து
டீ குடிக்கப் போய்விட்டார்.
பிறகு என்னவோ ஆயிற்று.
ஜேசிபி ஓட்டுகிற வேலாண்டிக்கு
பந்து திடீரென்று உள்ளே திரும்பத் தொடங்கியது.
ஏன் என்று அவனிடம் கேட்க எனக்குப் பயம்.
கேட்டு, அவன் யோசித்து,
அதோடு நின்றுபோனால்?

ஐந்து வெற்றி, வரிசையாக.
கேப்டன் சொரிமுத்து மட்டும்
ஆறு ஆட்டமாகப் பத்தைத் தாண்டவில்லை.
அவனை எடுக்கச் சொல்கிறார்கள்.
எடுக்காதீர்கள் என்பது என் கட்சி.
ஓடுகிற வண்டியில் எந்த ஆணி எதைப் பிடித்திருக்கிறது
என்று யார் கண்டது.

"இதுல உன் ஆளு யாருட்டி?"
கடைக்கு வருகிறவர்கள் கேட்காமல் போவதில்லை.
பதினொரு பேரும், என்றேன் ஒருநாள்.
அன்று தராசு ஆடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

இனி ஞாயிற்றுக்கிழமை.
பேட்டையில் நாங்கள் சேரன்மகாதேவியை ஜெயிக்க வேண்டும்.
அதே நேரம் கல்லிடைக்குறிச்சி தோற்க வேண்டும், அம்பையிடம்.
மழை வந்தால் ஆளுக்கொரு புள்ளி.
அந்த ஒரு புள்ளி எங்களுக்குப் போதாது.
கூட்டி, கழித்து, ரன்ரேட் போட்டு,
தாளைத் திருப்பியும் பார்த்துவிட்டேன்.
போதாது.

ஆனால் ஊரே வானம் பார்த்து நிற்கிறது.
பிசானத்துக்கு விதைநெல் கேட்டு வருகிறவர்களுக்கு
அம்பை பதினாறு எடுத்துக் கொடுக்கிறேன்.
அம்பை ஜெயிக்கணும் என்று
வாய்க்குள் முனகிக்கொண்டே எடை போடுகிறேன்.
நெல்லைக் கால்வாயின் கடைமடையில்
அண்ணனுக்கு ஒன்றரை ஏக்கர்.
மைனி மழைக்காகச் சனிக்கிழமை விரதம்.
அவள் பக்கத்தில் அமர்ந்து
நான் வேண்டிக்கொண்டதை
யாரிடமும் சொல்ல முடியாது.
மழையே, உனக்கும் கணக்கு வைத்திருக்கிறேன்.
நாலரை மணிவரை கடன் கொடு.
அதற்குமேல்
அணை உடையாத அளவுக்கு எவ்வளவும்.

சனி இரவு, காலிச் சாக்கு முப்பத்திரண்டு.
கோணி ஊசியால் பிரித்துத் தைத்து
ஒரே விரிப்பாக்கினோம், நானும்
விக்கெட் கீப்பர் மைதீன் பிச்சையும்.
அவனுக்குத் தையல் நேர்க்கோடு, எனக்கு வளைந்து வளைந்து.
பேரேட்டில், காலிச் சாக்கு: இல்லை.
முதலாளி கேட்டால் எலி என்பேன்.

ஞாயிறு, மூன்று ஐந்து.
அவர்களுக்கு இன்னும் இருபத்திரண்டு ரன்,
கையில் மூன்று விக்கெட்.
வேலாண்டி ஓடிவரத் திரும்பியபோது
என் கைமேல் விழுந்தது முதல் துளி.
அம்பையிலிருந்து போன்:
கல்லிடைக்குறிச்சி அறுபத்தொன்றுக்கு ஏழு,
அங்கே வெயில் கொளுத்துகிறதாம்.
இங்கே நடுவர்கள் பெயில்ஸை எடுத்துப்
பையில் போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் விரிப்பு பிட்சுக்குமேல் கிடக்கிறது,
நாற்பத்தாறு சதவீதம் நைட்ரஜன் என்று
முப்பத்திரண்டு தடவை வானத்துக்குச் சொல்லிக்கொண்டு.
காற்று கிளப்பப் பார்க்கிறது.
ஓரங்களில் ஆட்கள் உட்கார்ந்து அழுத்துகிறார்கள்,
இரண்டு அணியும், ஸ்கோர் எழுதுகிறவரும்.
அண்ணன் போனில் கத்துகிறான்:
"மழை பிடிச்சிட்டு, கேக்குதா, பிடிச்சிட்டு!"
கேக்குது, என்றேன்.
தென்கிழக்கு மூலை படபடத்தது.
செருப்பைக் கழற்றிவிட்டு ஓடி
அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.
என் தையல்தான். வளைந்திருந்தது.
இன்னும் ஒழுகவில்லை.